நியமனக் கடிதம் வந்துவிட்டது, மனம் ஒப்பவில்லை: தாதிமை இல்லமா, வார்டா, பலதுறை மருந்தகமா?

தாதி வேலைக்கு நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகும் மனம் ஒப்பாமல் நிற்பவர்களுக்கு வீட்டில் இரண்டு வகை அறிவுரைதான் கிடைக்கும். "கிடைத்த வேலையை விடாதே" என்பார் ஒருவர். "பிடிக்கவில்லை என்றால் ஏன் போக வேண்டும்?" என்பார் இன்னொருவர். இரண்டுமே உதவாது. தயக்கம் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்காதவரை ஏற்பதும் குருட்டாம்போக்கு, மறுப்பதும் குருட்டாம்போக்கு.

என் அண்ணன் மகள் இப்போது அந்த இடத்தில் நிற்கிறாள். வயது நாற்பதை நெருங்குகிறது. அறுவை சிகிச்சை வார்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள், பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது விட்டுவிட்டாள். பணிக்குத் திரும்பும் தாதியருக்கான பயிற்சியை இப்போது முடித்திருக்கிறாள். சிங்கப்பூரின் ஈசூனில் அவள் புளோக்கிலிருந்து பஸ்ஸில் சில நிறுத்தங்கள் தள்ளி இருக்கும் ஒரு தாதிமை இல்லம், அதாவது முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம், அவளை எடுத்துக்கொள்ளத் தயார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் ஒரு பொது மருத்துவமனையும் நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது. ஆனால் அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பலதுறை மருந்தகம் (வெளிநோயாளிகளைப் பார்க்கும் அரசு பாலிகிளினிக்) ஒன்றுக்கும் விண்ணப்பம் போட்டாள். அங்கிருந்து பேச்சுமூச்சு இல்லை.

"அத்தை, தாதிமை இல்லத்துக்குப் போனால் கை மறந்துவிடும், பிறகு எந்த மருத்துவமனையும் எடுக்காது என்கிறார்களே?" என்று ஆரம்பித்தாள். அதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்றும் வெளியே வந்தது. "இரவில் ஒரு மாடிக்கு எத்தனை தாதியர் என்று நேர்முகத்தில் கேட்டேன். 'இங்கே நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்."

முதலில் சொன்னது ஊர்ப் பேச்சு. இரண்டாவதாகச் சொன்னதுதான் அவளுடைய உண்மையான தயக்கம். எத்தனை பேர் என்று கேட்டால் எண்ணில் பதில் வர வேண்டும். குடும்பக் கதை வந்தால் காது கூர்மையாக வேண்டும்.

ஆனாலும் ஊர்ப் பேச்சை முதலில் தீர்த்துவிடலாம். கை மறந்துவிடும் என்பது பாதி உண்மை. அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரின் வடிகுழாய், நரம்பில் ஏறும் மருந்து, மணிக்கணக்கில் மாறும் நிலைமை ஆகியவை இல்லத்தில் அன்றாடம் கிடைக்கா. பழகாத கை மெதுவாகத்தான் போகும். அதற்குப் பதிலாக வேறொன்று வளரும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும்போது குதிகாலையும் இடுப்பெலும்பு மேட்டையும் பார்த்து, தோல் கிழிவதற்கு முன்பே சிவப்பைக் கண்டுபிடிக்கும் கண். மூக்குவழிக் குழாயில் பால் ஊட்டுவதற்கு முன் சிறிது உறிஞ்சி எடுத்து, அமிலத்தன்மை காட்டும் தாளில் தொட்டு, குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே ஊட்டும் பொறுமை. நேற்று சாப்பிட்டவர் இன்று கரண்டியைத் தட்டிவிடுகிறார் என்றால் அது பிடிவாதமா, சிறுநீர்த் தொற்றின் தொடக்கமா என்று யோசிக்கும் மூளை. 2030 வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். மருத்துவமனை வார்டுகளிலும் படுத்திருக்கப்போவது பெரும்பாலும் இவர்கள்தான். முதியோர் பராமரிப்பை ஒதுக்குப்புற வேலை என்று இன்னும் நினைப்பவர்கள் அண்மையில் ஒரு பொது வார்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு, அது நம்மவர்களுக்கு மட்டும் புரியும். மறதி நோய் முற்றும்போது பிற்பாடு கற்ற மொழிகள் கழன்று, பிறந்த மொழி மட்டும் மிஞ்சுவதைப் பலரிடம் பார்க்கிறோம். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் அங்கே வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். அப்படி ஒரு தாத்தா, தொண்ணூறைத் தொட்டவர், விடியற்காலை நான்கு மணிக்குக் கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்துவிடுவார். வேலைக்கு நேரமாகிவிட்டதாம். மியன்மாரிலிருந்து வந்த பராமரிப்பு உதவியாளர் ஆங்கிலத்தில் கெஞ்சுவார். தாத்தா இன்னும் வேகமாகக் காலைக் கீழே போடுவார். "இன்றைக்கு உங்களுக்கு ஷிப்ட் இல்லை, தாத்தா. நாளைக்குத்தான்" என்று தமிழில் ஒருத்தி சொன்னதும், "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிடுவார். மருந்தும் கட்டுப்பாட்டு வாரும் தேவைப்படாது. அதே மாடியில் ஹொக்கியன் மட்டும் பேசும் ஆ மாவிடம், அதாவது சீனப் பாட்டியிடம், அதே தாதி ஊமையாக நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி இரவுக்கு வருகிறேன். இந்த ஒப்பீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட எடை கூடியது இதுதான்.

மணி மூன்று. 82 வயது அம்மாளுக்குக் காய்ச்சல் 38.4. மூச்சை எண்ணினால் நிமிடத்துக்கு 28. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 89 விழுக்காடுதான் என்கிறது. மருத்துவமனை வார்டில் இது நடந்தால் கை தானாக வேலை செய்யும். சுவரில் ஆக்சிஜன் இருக்கிறது, அழைத்தால் இளம் மருத்துவர் வருவார், பக்கத்துக் கட்டில் வரிசையில் இன்னொரு தாதி இருப்பார், அனுபவமுள்ள ஒருவர் பொறுப்பில் இருப்பார். பயம் இருக்கும், ஆனால் அதைப் பங்குபோட்டுக்கொள்ள ஆள் இருக்கும். தாதிமை இல்லத்தில் மருத்துவர் பெரும்பாலும் குறிப்பிட்ட நாள்களில் பகலில் வந்துபோவார், இரவில் தொலைபேசிதான். 995 அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அழைக்கலாமா என்பதுதான் சிக்கல். இனி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அந்த அம்மாளும் பிள்ளைகளும் முன்பே பேசி எழுதிவைத்திருக்கக்கூடும். அந்தத் தாள் எந்தக் கோப்பில் இருக்கிறது? மகள் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் அடுத்து யார்? நீங்கள் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது மேல்மாடியில் ஒருவர் கழிப்பறையில் விழுந்துவிட்டார் என்று உதவியாளர் ஓடிவருகிறார். அந்த மாடிக்கும் பதிவுபெற்ற தாதி நீங்கள்தான் என்றால்?

இதனால்தான் இரவில் எத்தனை மாடிக்கு ஒரு தாதி, எத்தனை படுக்கை, அழைத்தால் எடுக்கும் மருத்துவர் யார், ஆக்சிஜன் எங்கே என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. தவறு நேர்ந்தால் விசாரணையில் முதலில் நிற்பது உங்கள் பெயர். பணிபுரியும் சான்றிதழும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. நேர்முகத்தில் 'ஒரே குடும்பம்' என்றவரின் பெயர் அன்றிரவுப் பதிவேட்டில் எங்கேயும் இருக்காது.

அப்படியென்றால் வார்டே மேல் என்று முடித்துவிடலாமா? இருபத்திரண்டு வயதில், பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து நேராக வந்தவளாக இருந்தால் தயங்காமல் அப்படித்தான் சொல்வேன். முதல் இரண்டு ஆண்டு யாரிடம் கற்கிறோம் என்பது பிறகு எங்கே போனாலும் கூடவே வரும். இரவில் தனியாக முடிவெடுக்கும் வேலையை, முடிவெடுப்பவர்களை அருகிலிருந்து பார்த்திராத ஒருத்தியிடம் கொடுப்பது அவளுக்கும் கொடுமை, முதியவர்களுக்கும் கொடுமை.

அண்ணன் மகள் அந்த வயதில் இல்லை. அவளுக்கு வார்டு வேறு விலை கேட்கும். காலை ஷிப்டுக்கு ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் ஈசூனில் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சின்னவன் தொடக்கப்பள்ளி, அவனை எழுப்பிக் குளிக்கவைத்து அனுப்பும் நேரத்தில் இவள் ரயிலில் இருப்பாள். பிற்பகல் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பினால் இரவு பத்தரை. காலை, பிற்பகல், இரவு என்று பணிப்பட்டியல் சுழலும்; ஒரு வாரத்துக்குள்ளேயே மூன்றும் வரலாம். இதெல்லாம் தெரிந்தே இளம் வயதில் செய்தவள்தான். மாமியார் அன்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். இன்று மாமியாரையே யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மருத்துவமனை நேர்முகத்தில் அவள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: திரும்பி வருபவளை எந்த வார்டில் போடுவார்கள், எவ்வளவு காலம் பக்கத்தில் ஒருவர் நிற்பார். பழைய அனுபவம் இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி இரண்டாவது வாரமே முழு எண்ணிக்கை நோயாளிகளைக் கையில் கொடுத்துவிடும் வார்டுகள் உண்டு.

பலதுறை மருந்தகத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வார நாள்களில் காலை எட்டிலிருந்து மாலை நான்கரை வரை, சனிக்கிழமை பாதி நாள், ஞாயிறும் பொது விடுமுறையும் கதவு சாத்தியிருக்கும். தடுப்பூசி, ரத்தம் எடுத்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல், நீரிழிவுக்காரரின் பாதத்தைச் சோதித்தல், உணவு பற்றி ஓயாமல் பேசுதல். பிள்ளை வைத்திருக்கும் தாதியர் எல்லாரும் கண்வைத்திருக்கும் வேலை என்பதால் இடம் எளிதில் விழாது. வந்தால் யோசிக்கலாம். வராத வேலையோடு வந்த வேலையை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

பணத்தைப் பற்றிப் பேச நம் வீடுகளில் ஒரு கூச்சம். 'தாதி வேலை சேவையல்லவா?' என்பார்கள். 1885 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரெஞ்சுக் கன்னிகாஸ்திரீகள் சிப்பாய் லைன்ஸில் இருந்த பொது மருத்துவமனையில் தாதிப் பணியைத் தொடங்கினார்கள். அந்த நாளைத்தான் இங்கே தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர்களுக்கு மடம் சோறு போட்டது. நமக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் இருக்கிறது. ஆகவே கேட்கலாம்.

இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் அடிப்படைச் சம்பளத்தில் வித்தியாசம் மாதம் சில நூறு வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). மத்திய சேமநிதி என்ற கட்டாயச் சேமிப்பு எங்கே போனாலும் ஒன்றே: 55 வயது வரை சம்பளத்தில் முதலாளி 17 விழுக்காடு, நாம் 20 விழுக்காடு. பெரிய வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் தொடங்கிய 'ஏஞ்சல்' திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனைகளை நடத்தும் பொது மருத்துவக் குழுமங்களில் இருக்கும் தகுதியுள்ள தாதியர் 20 ஆண்டுகளில், அல்லது ஓய்வு வயது வரை, மொத்தம் 100,000 வெள்ளி வரை பெற முடியும். நான்கிலிருந்து ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 20,000 முதல் 30,000 வெள்ளியாக அது வரும். பொது மருத்துவமனையும் பலதுறை மருந்தகமும் குழுமங்களைச் சேர்ந்தவை. தாதிமை இல்லங்களோ சில தொண்டு அமைப்புகளுடையவை, சில தனியாருடையவை. ஆகவே நீண்ட காலம் பணியில் இருப்பவருக்கு இங்கே என்ன உண்டு என்று இல்லத்திடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். பஸ் கட்டணத்தையும் இரவுப்படியையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவள் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அடுத்தது, வெளியே வரும் வழி. ஒரு வேலையில் தயக்கத்தோடு கால் வைக்கலாம், காலை எடுக்க முடிந்தால். கடிதத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். பயிற்சிக்காக அனுப்பிவிட்டு இத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பிணைப்பு இருக்கிறதா, இருந்தால் எந்தப் பயிற்சிக்கு, எவ்வளவு தொகை, மாதம் ஆக ஆகத் தொகை குறையுமா என்று பாருங்கள். வேலை நேரம், ஓய்வு நாள், மிகைநேர ஊதியம், முன்னறிவிப்பு ஆகிய முக்கிய நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் தர வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து சட்டம். ஆனால் அதற்கு வேலையில் சேர்ந்த பிறகு 14 நாள் அவகாசம் உண்டு. கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குவது நம் சாமர்த்தியம்.

பிள்ளை உள்ளவர்கள் ஏமாறும் இடம் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். "முதலில் சேருங்கள், பிறகு ஷிப்டைச் சரிசெய்து தருகிறோம்" என்பார்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை ஊழியர் முறைப்படி கேட்டால் முதலாளி அதைப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற முத்தரப்பு வழிகாட்டி (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்தது) 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அது தகுதிகாண் காலத்தை முடித்தவர்களுக்கு. தவிர, முதலாளி பரிசீலிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறதே ஒழிய, சம்மதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வாய்மொழியில் வந்த 'பிறகு' கடிதத்தில் ஏறவில்லை என்றால் அது வரவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே வேலைக்கு வரும் தாதியருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுடைய வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் அனுமதி ரத்தாகும். அதன் பிறகு வழக்கமாகக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மாதம் தங்கும் அனுமதிதான். அதற்குள் புதிய முதலாளி விண்ணப்பித்து ஒப்புதலும் வர வேண்டும். ஆகவே 'போய்ப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்வோம்' என்று நான் இங்குள்ளவளிடம் சொல்வதை அவர்களிடம் சொல்ல மாட்டேன். முகவரைப் பற்றியும் ஒரு வார்த்தை: இங்குள்ள வேலை முகவர் ஊழியரிடம் வாங்கும் கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. ஊரில் தரகர் வாங்குவது இந்த வரம்புக்குள் அடங்காது. கடன் வாங்கிக் கட்டிய தொகைதான் பலரைப் பிடிக்காத வேலையில் கட்டிப்போடுகிறது. அவர்கள் என்னைக் கேட்டால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் மேற்பார்வை நன்றாக உள்ள இடத்தைத்தான் காட்டுவேன்.

அண்ணன் மகளுக்கு என் முடிவு இது. தாதிமை இல்லம் என்ற வகை அவளுக்குப் பொருந்தும். வீட்டுக்கு அருகில் இருக்கிறது, பொறுமைசாலி, வார்டில் கற்றது கையில் இருக்கிறது, தமிழும் ஓரளவு மலாயும் பேசுவாள். இந்தக் குறிப்பிட்ட இல்லம் பொருந்துமா என்பதை இரவுக்கான பதில்தான் தீர்மானிக்கும். "மறுத்துவிடவா, அத்தை?" என்றாள். "மறுக்காதே. எழுதிக் கேள்" என்றேன்.

மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் அனுப்பினாள்: இரவில் எத்தனை படுக்கைக்கு ஒரு பதிவுபெற்ற தாதி, தனியாக இரவுப் பணியில் போடுவதற்கு முன் எவ்வளவு நாள் ஒருவர் கூட இருப்பார், பிணைப்பு உண்டா. மறுநாளே பதில் வந்தது. இரண்டு மாடிக்கு ஒரு தாதி, ஒவ்வொரு மாடியிலும் பராமரிப்பு உதவியாளர்கள், தொலைபேசியில் மருத்துவர். பிணைப்பு வெளிப்பயிற்சிக்கு அனுப்பப்படுபவர்களுக்கு மட்டும். கூட இருக்கும் காலம் 'தேவைக்கேற்ப'.

முதல் பதில் நல்ல பதில் இல்லை, ஆனால் நேர்மையான பதில். சிரிப்பில் மறைத்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நான் மதிப்புத் தருகிறேன். என்னை உறுத்துவது அந்தக் கடைசி வார்த்தைதான். யாருடைய தேவைக்கேற்ப? ஆள் குறையும் வாரத்தில் அது அவர்களுடைய தேவையாகிவிடும். 'மேற்பார்வைத் தாதி எழுத்தில் ஒப்புதல் தரும்வரை தனியாக இரவுப் பணி இல்லை' என்ற ஒரு வரியைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லி அவள் திருப்பி எழுதியிருக்கிறாள். ஷிப்ட் மாறிப் பொறுப்பை ஒப்படைக்கும் நேரத்தில் வந்து பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறாள். வரியைப் பற்றி இன்னும் பேச்சில்லை. பார்க்க மட்டும் புதன்கிழமை பிற்பகல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பப்போகிறேன். படுக்கையில் திருப்பிவிட்ட நேரத்தைக் குறிக்கும் அட்டையில் எல்லாக் கட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் நிரம்பியிருந்தால் அதைக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியிருக்கிறார்கள். அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஒருவர் எழுகிறார் என்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஊட்டும்போது ஊட்டுபவர் உட்கார்ந்திருக்கிறாரா, நின்றுகொண்டே மூன்று பேருக்கு வாயில் திணிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் இரவுப் பணி பார்க்கும் தாதி ஒருவரிடம், மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது, கடைசியாக 995 அழைத்தது எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும்.

அந்த வரி கடிதத்தில் வந்தால் வெள்ளிக்கிழமை கையெழுத்திடலாம். வராவிட்டால் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, மருத்துவமனை நேர்முகத்துக்குத் தயாராகட்டும். "அதுவரை மூன்று வாரம் வீட்டில் சும்மா இருப்பதா, அத்தை?" என்கிறாள். இருக்கலாம்.